கூடு கட்டும் காலத்தில் பதினாலு டிராக்டர்

முப்பத்தோரு வருஷம் ஹாம்ரே ஊர் தானியக் கிடங்கில் எடைமேடையைப் பார்த்துக்கொண்டவன் நான். ஒரு லாரி கோதுமை உள்ளே வந்தால் ஈரத்துக்கு இவ்வளவு, உமிக்கு இவ்வளவு, தூசிக்கு இவ்வளவு என்று கழித்துக் கழித்தே என் வாலிபம் தீர்ந்தது. ஓய்வு பெற்ற மறுநாளிலிருந்து எனக்குக் கூட்டல் மட்டும்தான். அதனால் பதினாலு டிராக்டர் என்று நான் சொன்னால் இரண்டு மூன்றை நீங்களாகவே குறைத்துக்கொள்ளுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன். மற்றதில் கை வைக்காதீர்கள். மற்றதெல்லாம் நடந்தது.

எங்கள் ஊர்க் காப்பிக் கடையில் ஜன்னலோரம் ஒரு நீள மேஜை. விடிந்தும் விடியாமலும் அங்கே வந்து உட்காருகிற எட்டுக் கிழவர்களில் நானும் ஒருவன். தோல் குவளையில் பகடை குலுக்கி, தோற்றவன் தலையில் எல்லார் காப்பிக் காசையும் கட்டுவோம். பேச்சு மழையில் ஆரம்பிக்கும், கோதுமை விலைக்குப் போகும், கடைசியில் அரசாங்கத்தின் விவசாயத் திட்டங்களில் வந்து நிற்கும். வாஷிங்டனில் சில வருஷத்துக்கு ஒருமுறை புது விவசாயச் சட்டம் எழுதுகிறார்கள். எழுதும்போதெல்லாம் பழைய சொற்களைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுச் சொற்களை இறக்கிவிடுகிறார்கள். எங்கள் மேஜையில் ஒவ்வொருவனும் தன் முப்பது வயதில் எந்தச் சட்டம் இருந்ததோ அதிலேயே நின்றுவிட்டவன். ஆகவே ஒரே மேஜையில் எட்டுச் சட்டங்கள் அமலில் இருந்தன. சண்டைக்குக் குறைவே இல்லை.

அந்த மேஜைக்கு ஒரு ஜனவரிக் காலையில் ஆர்டிஸ் க்வாலே தானாக ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். ஒரு பசுமாடு வந்து உட்கார்ந்திருந்தால்கூட அவ்வளவு மௌனம் விழுந்திருக்காது. ஆர்டிஸுக்கு நாற்பத்தாறு வயது. இருபது வருஷம் ஃபார்கோ நகரத்து ஆஸ்பத்திரி அலுவலகத்தில் வேலை பார்த்துவிட்டு, அவள் அப்பா முதியோர் இல்லத்துக்குப் போனதும் நிலத்தைப் பார்த்துக்கொள்ளத் திரும்பி வந்தவள். காலையும் மாலையும் பள்ளிப் பேருந்து ஓட்டினாள், நடுவில் விவசாயம்.

"எனக்கு ஒரு சந்தேகம்," என்றாள். "அடிப்படை ஏக்கர்னா என்ன?"

பதில் சொன்னவன் வெர்லின் ஸ்டோர்டால். ஆறடி மூன்றங்குலம். அவன் நிலத்தில் விதைக்கும் வரிசைகள் அவ்வளவு நேர். வரிசையின் இந்தக் கோடியில் நின்று பார்த்தால் கனடா தெரியும்.

"நீ எத்தனை ஏக்கர் வெதைக்கறியோ அதாம்மா. இதுல என்ன பெரிய சந்தேகம்?"

"அது இல்லையாம். எங்கப்பா எப்பவோ கோதுமை போட்டார்ன்னு கவர்ன்மென்ட் ஞாபகம் வெச்சிருக்கே, அந்த ஏக்கராம். இப்ப நான் அதுல சூரியகாந்தி போட்டாலும் அவங்க கணக்குல அது கோதுமை ஏக்கர்தானாம்."

"தெரிஞ்சுகிட்டே எதுக்கு என்னைக் கேக்கற?"

"உங்களுக்குத் தெரியுமான்னு பாத்தேன்."

நான் சிரித்த சிரிப்பில் காப்பி மூக்கு வழியாக வந்தது. வெர்லினுடைய காதுகள் அவன் அறுவடை இயந்திரத்தின் சிவப்பு நிறத்துக்குப் போயின. இத்தனைக்கும் அவன் அந்த டிசம்பரில்தான் மாவட்ட விவசாயக் கமிட்டிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தான். எங்கள் ஊர்களில் விவசாயிகள் ஓட்டுப் போட்டு மூன்று பேரை அனுப்புவார்கள். திட்ட அலுவலகத்தில் ஏதாவது வழக்கு வந்தால் அந்த மூவர்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்திலிருந்து வேறு யாரும் நிற்காததால் வெர்லின் அபார வெற்றி பெற்றான்.

அந்தக் குளிர்காலம் முழுக்க ஆர்டிஸ் திட்டச் சொற்களைக் கற்றாள். மாவட்ட அலுவலகத்தில் நடந்த எல்லாக் கூட்டத்துக்கும் போனாள். கற்றதைப் பேருந்து ஓட்டிக்கொண்டே சத்தமாகச் சொல்லிப் பார்ப்பாள். விளைவு, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் இராச்சாப்பாட்டில் தகப்பன்மாரைத் திருத்த ஆரம்பித்தார்கள். "அப்பா, ஈரத்தால விதைக்க முடியாமப் போனா அதுக்குப் பேரு 'தடைபட்ட விதைப்பு'. நீ போன வருஷம் சோம்பேறித்தனமா விட்டியே, அது அதுல சேராது" என்று ஒரு குழந்தை சொன்னதாகக் கேள்வி. அந்தத் தகப்பன் ஒரு வாரம் காப்பிக் கடைப் பக்கமே வரவில்லை.

அவள் இவ்வளவு மெனக்கெட்டதற்குக் காரணம் இருந்தது. ஓடையை ஒட்டிய அவளுடைய நூற்றறுபது ஏக்கரை அவள் அப்பா அரசாங்கத்தோடு பத்து வருஷ ஒப்பந்தத்தில் புல்லாக விட்டிருந்தார். உழக் கூடாது, விதைக்கக் கூடாது, மாடு விடக் கூடாது. மண் அரித்துப் போகாமலும் பறவைகள் பிழைத்துக்கொள்ளவும் நிலம் சும்மா இருப்பதற்கு அரசாங்கம் வாடகை கொடுத்தது. அந்த வாடகை தவறாமல் வருவதால்தான் வங்கிக்காரன் அவளுக்கு விதைக்கும் உரத்துக்கும் கடன் தந்தான். ஒப்பந்தத்தை மீறினால் அதுவரை வாங்கியதெல்லாம் வட்டியோடு திரும்பப் போகவேண்டும். ஆர்டிஸ் விஷயத்தில் அதற்கு ஒரே அர்த்தம்: பண்ணையை விற்றுவிட்டு ஃபார்கோவுக்குப் பஸ் ஏறுவது.

மே மாதம் விதைப்புக்கு எல்லாம் தயாராக இருந்தபோது விதைப்பு இயந்திரத்தின் ஏணியிலிருந்து விழுந்து இடது காலை முறித்துக்கொண்டாள். தொடை வரை மாவுக்கட்டு. ஒரு விதைகூட மண்ணில் விழவில்லை.

எங்கள் பக்கத்தில் ஒருவன் விதைப்புக் காலத்தில் படுத்துவிட்டால் என்ன நடக்கும் என்பதற்குச் சட்டமும் கிடையாது, கமிட்டியும் கிடையாது. யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. ஒரு வெள்ளிக்கிழமை காலையில் ஆர்டிஸ் வீட்டுப் பாதையில் டிராக்டர்கள் வந்து நின்றன. பதினாலு. தரை அதிர்ந்ததில் அவள் வீட்டு அலமாரியிலிருந்து தட்டுகள் ஒவ்வொன்றாக இறங்கி வந்தன என்று என் மனைவி மேவிஸே சொல்கிறாள், அவள் என்னைப் போல இல்லை. தேவாலயத்துப் பெண்கள் சமையலறையைப் பிடித்துக்கொண்டார்கள். எனக்கு இரண்டு வேலைகள். காலையில் ஆர்டிஸுக்குப் பதிலாகப் பள்ளிப் பேருந்து ஓட்டுவது, பிறகு களத்தில் நின்று கை காட்டுவது. பேருந்தை வழக்கமான இடத்தில், அவள் முற்றத்தில் நிறுத்தினேன். சாவி வண்டியிலேயே இருந்தது. ஹாம்ரேயில் சாவி வேறெங்கும் இருந்ததில்லை.

பதினொரு மணிக்குள் அவளுடைய கோதுமை நிலம் மொத்தமும் விதைத்தாகிவிட்டது. அங்கேதான் வினை. சாப்பாடு ஒரு மணிக்கு என்று மேவிஸ் சொல்லியிருந்தாள். இறைச்சியும் உருளைக்கிழங்கும் அடுக்கிய தட்டுகள் அப்போதுதான் அடுப்புக்குள் போயிருந்தன. பதினாலு விவசாயிகள், பதினாலு இயந்திரங்கள், இரண்டு மணி நேரம், செய்வதற்கு ஒன்றுமில்லை. உலகத்தில் இதைவிட ஆபத்தான நிலைமை ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்.

வெர்லின் ஓடைப் பக்கம் பார்த்தான். ரோட்டை ஒட்டிய புல்லில் போன வருஷத்து முட்செடிகள் காய்ந்து, தலை விரித்து, ஆள் உயரத்துக்கு நின்றன.

"அசிங்கமா இருக்கு," என்றான். "ரோட்டுல போறவன் நம்ம ஊரப் பத்தி என்ன நெனப்பான்?"

"ரோட்டுல போறவனே நம்ம எட்டுப் பேருதான்யா," என்றேன்.

"கால் ஒடஞ்சு கெடக்கா பாவம். வந்ததோட வந்தோம், அதையும் வெட்டிக் குடுத்துருவோம். ஜன்னல் வழியாப் பாத்தா மனசு சந்தோஷப்படும்."

அவன் ஆர்டிஸின் கொட்டகையில் கிடந்த பெரிய புல்வெட்டியைப் பூட்டிக்கொண்டு புல்லுக்குள் இறங்கினான். எங்களில் ஒருவனும் தடுக்கவில்லை. அவன் சொன்னது எங்களுக்கும் நல்ல காரியமாகத்தான் பட்டது. இன்னும் இரண்டு பேர் புல்வெட்டி எடுத்துவர வீட்டுக்குக் கிளம்பினார்கள்.

ஆர்டிஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். மனசு சந்தோஷப்படவில்லை. மேவிஸ் கண்ணால் கண்டதைச் சொல்கிறேன்: நாற்காலியில் கிடந்தவள் ஒரு கூச்சல் போட்டாள், ஊன்றுகோலை எடுத்தாள், சமையலறையில் ஆறு பெண்களை விலக்கிக்கொண்டு வெளியே போனாள். வலது கால் நன்றாக இருந்தது. பள்ளிப் பேருந்து ஓட்ட வலது கால் போதும்.

எனக்குத் தெரிந்ததெல்லாம், மஞ்சள் பேருந்து ஒன்று புழுதியைக் கிளப்பிக்கொண்டு ரோட்டில் வந்தது, கதவு வழியாக ஒரு வெள்ளைக் கால் பீரங்கி மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. வெர்லின் இரண்டாவது சுற்றை முடித்து ரோட்டை நோக்கி வந்துகொண்டிருந்தான். அவள் கத்தினாள். டிராக்டருக்குள் பாட்டுப் போட்டிருந்த அவனுக்கு எதுவும் கேட்கவில்லை. கையை ஆட்டினாள். இவனும் சந்தோஷமாகக் கையை ஆட்டிவிட்டுத் திரும்ப ஆரம்பித்தான்.

அப்போது அவள் பேருந்தின் சிவப்பு விளக்குகளைப் போட்டாள். பக்கவாட்டிலிருந்து 'நில்' பலகை மடக்கென்று வெளியே வந்தது.

எங்கள் நாட்டில் பள்ளிப் பேருந்தின் சிவப்பு விளக்கு மின்னினால் ஜனாதிபதியானாலும் நிற்க வேண்டும். ஐம்பது வருஷம் நின்று நின்று பழகிய கால் வெர்லினுடையது. புல்லுக்கு நட்டநடுவில், ரோடே இல்லாத இடத்தில், அந்த மனிதன் சடாரென்று பிரேக்கை மிதித்தான். நின்றபிறகுதான் ஏன் நின்றோம் என்று யோசித்தான். புல்வெட்டி எடுக்கப் போன இரண்டு பேரும் ரோட்டில் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக நின்றிருந்தார்கள். நான் நடந்துபோனவன். நானும் நின்றேன்.

"இறங்குங்க வெர்லின்!"

"என்னம்மா ஆச்சு? பிள்ளைங்க யாராவது..."

"பிள்ளைங்க இல்ல, வாத்து! ஏப்ரல் பாதியிலேர்ந்து ஆகஸ்ட் பொறக்கற வரைக்கும் கூடு கட்டற காலம். இந்தப் புல்லுல அப்ப கத்தி வெக்கவே கூடாது. ஒப்பந்தத்துல இருக்கு. நீங்க வெட்டினது புல்லு இல்ல, என் ஒப்பந்தம்!"

வெர்லின் தொப்பியைக் கழற்றினான். "ஏம்மா, சும்மா கெடக்கற நெலத்துல களை வெட்டறது கடமையாச்சே. எண்பத்தாறுல ஒதுக்கீட்டு நெலம்ன்னு ஒண்ணு இருந்துது. குறிச்ச தேதிக்குள்ள களையை வெட்டலேன்னா அபராதம் போட்டான். நானே கட்டியிருக்கேன்."

"அது அந்தத் திட்டம். செத்துப்போய் எத்தனையோ வருஷமாச்சு. அதுல வெட்டலேன்னா தப்பு. இதுல வெட்டினா தப்பு."

அவன் அவ்வளவு வெளுத்து நான் பார்த்ததில்லை. அந்த அபராதத்துக்கு அப்புறம் அவன் பண்ணையில் ஒரு முழம் நிலம்கூடச் சும்மா கிடந்ததில்லை. புல் ஒப்பந்தம் பற்றி அவனுக்குத் தெரிய நியாயமில்லை. ஆனால் கமிட்டிக்காரன்!

யாரோ மெதுவாகச் சொன்னார்கள், "ரெண்டு சுத்துதானே போயிருக்கு. ரெண்டு மழை பெஞ்சா மறுபடி நிமிந்துக்கும். யாருக்குத் தெரியப்போவுது?"

எல்லாரும் தலையாட்டினோம். நியாயமாகப் பட்டது. ஆர்டிஸ் பேருந்துப் படியில் உட்கார்ந்திருந்தாள். முகம் சுண்டிப்போயிருந்தது.

"மறைச்சு, பின்னால கண்டுபிடிச்சாங்கன்னா அது ஏமாத்து," என்றாள். "ஒப்பந்தம் காலி. நானே இப்பச் சொன்னா, 'நல்லெண்ண முயற்சி'ன்னு ஒரு விதி இருக்கு. ஒப்பந்தத்தை மதிச்சு நடக்கப் பாத்தவங்களுக்குக் கமிட்டி மன்னிப்புக் குடுக்கலாம். குடுக்கணும்ன்னு இல்ல. குடுக்கலாம்."

"அந்த ஒரு சொல்லை நம்பியா பண்ணையை வெக்கப் போற?" என்று கேட்டேன்.

"குளிர்காலம் பூரா அதைத்தானே படிச்சேன், டெல்மர். வேற எதை நம்பறது?"

அங்கேயே மாவட்ட அலுவலகத்துக்குப் போன் போட்டாள். அலுவலகத் தலைவி ட்ரூடி ஹெக் எடுத்தாள். போனைக் கூட்டத்துக்குக் கேட்கும்படி வைத்திருந்தாள் ஆர்டிஸ்.

"ட்ரூடி, என்னோட ஒப்பந்தப் புல்லுல ரெண்டு சுத்து வெட்டிட்டாங்க. நான் சொல்லாம நடந்துது. நிறுத்திட்டேன்."

"யாரு வெட்டினா?"

ஆர்டிஸ் வெர்லினைப் பார்த்தாள். வெர்லின் தன் பூட்ஸைப் பார்த்தான். பிறகு குனிந்து போனுக்குள் அவனே சொன்னான், "நான்தான் ட்ரூடி. வெர்லின். உங்க கமிட்டி."

மறுமுனையில் ட்ரூடி எதையோ மென்றுகொண்டிருந்தாள். மெல்வது நின்றது.

ஒரு மணிக்குச் சாப்பாடு வந்தது. பதினாலு பேர் சாப்பிட்டோம், ஒரு கரண்டிச் சத்தம்கூட இல்லை. தட்டைத் திரும்ப எடுத்த மேவிஸ், "என் சமையலுக்கு யாரும் இவ்வளவு மரியாதை குடுத்ததில்ல" என்றாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை கமிட்டி கூடியது. வழக்கம்போல வெர்லினுக்கு மேஜைக்குப் பின்னால் நாற்காலி போட்டிருந்தது. அவன் உள்ளே வந்து, அந்த நாற்காலியைத் தானே தூக்கி மேஜைக்கு முன்னால் ஆர்டிஸ் பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். மிச்சம் இரண்டு பேர். மாவட்டத்தின் வடகோடியிலிருந்து அயோன் ப்ராட்லி என்கிற பெண்மணி. தென்கோடியிலிருந்து பட்டாணி விவசாயி ஒருவர், வாயைத் திறந்தால் வரி போடுவார்கள் என்று நம்புகிறவர். பார்வையாளர் பெஞ்சில் காப்பிக் கடை மொத்தமும் இருந்தது. பெஞ்சு வளைந்திருந்தது.

ட்ரூடி நடந்ததை எடுத்துச் சொன்னாள். வனத்துறை ஆள் போய்ப் பார்த்திருந்தார். வெட்டிய பட்டைக்குள் கூடு எதுவும் அழியவில்லை. பட்டையை ஒட்டி மூன்று அடியில் ஒரு வாத்துக்கூடு இருந்தது. இன்னொரு சுற்றுப் போயிருந்தால் அது இருந்திருக்காது.

"நில உரிமையாளர் சொல்லித்தான் வெட்டினீங்களா?" என்று அயோன் கேட்டாள்.

வெர்லின் எழுந்து நின்றான். அறையின் கூரை கொஞ்சம் தாழ்வு.

"இல்ல. அவ சொல்லல. அவளுக்கு இதுல எந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம்ன்னு எல்லாம் தெரியும். நான்தான் எண்பத்தாறாம் வருஷத்துச் சட்டத்துல வண்டி ஓட்டிட்டேன். இன்னொண்ணும் சொல்லிடறேன். டிசம்பர்லேர்ந்து இந்த மேஜைக்குப் பின்னால உக்காந்து தலையாட்டிட்டிருக்கேன். பாதி வார்த்தை எனக்குப் புரியல. புரிஞ்ச மாதிரி ஆட்டினேன்."

அயோன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள். "எந்தப் பாதி?"

"ரெண்டாவது பாதி."

"எனக்கு மொதல் பாதி," என்றாள் அயோன்.

எல்லாரும் பட்டாணிக்காரரைப் பார்த்தோம். அவர் கூரையைப் பார்த்தார். பிறகு, அந்த ஆண்டில் முதல் தடவையாக, வாயைத் திறந்தார்: "நடுவுல."

ட்ரூடி இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று பெஞ்சில் பந்தயம் கட்டினோம். சிரிப்புதான்.

அப்புறம் அயோன் ஆர்டிஸ் பக்கம் திரும்பினாள். "அந்த நல்லெண்ண முயற்சி. உங்க வாயால சொல்லுங்க. எங்களுக்குப் புரியற மாதிரி."

ஆர்டிஸ் ஊன்றுகோலை ஊன்றி எழுந்தாள். "தப்பு நடக்கக் கூடாதுன்னு முன்னாடியே தெரிஞ்சு வெச்சிருந்தேன். நடந்ததும் நிறுத்தினேன். நிறுத்தினதும் சொன்னேன். இதுல எதையாவது நான் செய்யாம விட்டிருந்தா ஒப்பந்தத்தை எடுத்துக்கங்க. விட்டிருக்கேனா?"

அயோனும் பட்டாணிக்காரரும் பக்கத்து அறைக்குப் போனார்கள். நான் ஒரு யுகம் காத்திருந்தேன். மேவிஸ் கணக்கில் ஒரு காப்பி ஆறுகிற நேரம். திரும்பி வந்து அயோன் படித்தாள்: நல்லெண்ணம் ஏற்கப்பட்டது, ஒப்பந்தம் தொடரும். வெட்டிய பட்டை அப்படியே வளரட்டும். வெட்டிய அளவு நிலத்துக்கு மட்டும் இந்த வருஷ வாடகையில் ஒரு சிறு பிடித்தம். முட்செடி களைப் பட்டியலில் இருப்பதால் அதை ஒழிக்கத்தான் வேண்டும். ஆனால் இயந்திரம் கூடாது, எங்கே முளைத்திருக்கிறதோ அங்கே மட்டும், கையால்.

ஆர்டிஸ் உட்கார்ந்தாள். உட்கார்ந்தபிறகுதான் அழுதாள். வெர்லின் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தான். அதில் கிரீஸ் இருந்தது. அவள் வாங்கித் துடைத்துக்கொண்டு, முகத்தில் கறுப்புக் கோடோடு எங்களைப் பார்த்துச் சிரித்தாள்.

அந்த வாரக் கடைசியில் எட்டுக் கிழவர்களும் மண்வெட்டியோடு புல்லுக்குள் இறங்கினோம். ஆர்டிஸ் ரோட்டோரத்தில் நாற்காலி போட்டு, மாவுக்கட்டுக் காலை ஒரு வாளி மேல் வைத்துக்கொண்டு மேற்பார்வை செய்தாள். "இடது பக்கம் பாத்துப் போங்க, டெல்மர்! ஒங்க எடைக்கு ஒரு குடும்பமே நசுங்கிரும்!" ஒவ்வொரு முட்செடியாகக் குத்தி எடுத்தோம். அரை நாளில் என் இடுப்பு என்னை விட்டுப் பிரிந்து தனியே வாழ ஆரம்பித்தது.

திடீரென்று வெர்லின் காலடியிலிருந்து ஒரு நீலச்சிறகு வாத்து படபடவென்று கிளம்பியது. அவன் மண்வெட்டியோடு சிலையாக நின்றான்.

"ஆர்டிஸ்! முட்டை! ஒன்பதோ பத்தோ இருக்கு! என்ன பண்ணட்டும்?"

"ஒண்ணும் பண்ணாதீங்க! வந்த வழியே பின்னால வாங்க!"

நூற்றிருபது கிலோ மனிதன் நுனிக்காலில் பின்னோக்கி நடந்து வந்தான். சர்க்கஸில் காட்டியிருந்தால் டிக்கெட் வாங்கிப் பார்த்திருப்பேன். ரோட்டுக்கு வந்து சேர்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது பக்கத்து ஊர்க்காரன் ஒருவன் பிக்கப்பை நிறுத்தி ஜன்னலை இறக்கினான்.

"என்ன வெர்லின், ஒரு புல்வெட்டி எடுத்துட்டு வந்தா அரை நாள் வேலை. எதுக்கு எட்டுப் பேரு கையால நோண்டறீங்க? பாக்க அசிங்கமா வேற இருக்கு."

வெர்லின் மண்வெட்டியை ஊன்றி நின்றான். பிறகு ஆரம்பித்தான். ஒப்பந்தம் என்றால் என்ன, மண் அரிப்பு என்றால் என்ன, கூடு கட்டும் காலம் எப்போது தொடங்குகிறது, எங்கே களை எடுக்கலாம், எதற்கு அனுமதி வேண்டும் என்று விடாமல் சொன்னான். பிக்கப்பின் எஞ்சின் அணைக்கப்பட்டது. அவன் இன்னும் சொன்னான். அடிப்படை ஏக்கருக்கே போய்விட்டான்.

இரண்டு இடத்தில் தப்பாகச் சொன்னான். முதலாவதை ஆர்டிஸ் நாற்காலியிலிருந்தபடியே திருத்தினாள். இரண்டாவதற்கு வாயைத் திறந்தவள், அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, வாளியின் மேல் காலை நகர்த்தி வைத்துக்கொண்டு சும்மா இருந்துவிட்டாள்.